பதிவாளர் ஓவியத் தாய் ஆன நாள்

காட்சிக்கூட வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பது, படத்தை எந்த உயரத்தில் மாட்டுவது, விளக்கை எந்தக் கோணத்தில் திருப்புவது என்பதைத்தான். நல்ல கேள்விகள். ஒரு அளவுநாடாவும் ஒரு ஏணியும் இருந்தால் பதில் கிடைத்துவிடும். கட்டி முடித்த ஃப்ளெக்ஸ் போர்டை என்ன செய்வது என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. என் பணிக்காலத்தில் என்னை அதிகம் வியர்க்கவைத்தது அதுதான். எனவே நீங்கள் கேட்காததையே சொல்கிறேன்.

காஞ்சிபுரத்துக்கு வெளியே, தாமல் பக்கம் இருந்த ஒரு பல்கலைக்கழகத்தில் காட்சிக்கூடக் காப்பாளராக இருந்தேன். வீடு செவிலிமேட்டில். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். காட்சிக்கூடம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தேர்வு விடைத்தாள் கட்டுகளை அடுக்கிவைத்திருந்த கூடத்துக்கு வெள்ளையடித்து, எலிகளிடமிருந்து மீட்டு எங்களிடம் கொடுத்திருந்தார்கள். அந்தக் கூடத்துக்குத்தான் ஆஸ்திரேலியாவின் பாலைவனப் பகுதியிலிருந்து பூர்வகுடி ஓவியர்களின் படங்கள் வந்தன. அந்த மக்கள் தாங்களே நடத்தும் ஓவிய மையம் ஒன்று, எங்கள் நுண்கலைத் துறையோடு பேசி அனுப்பிவைத்திருந்தது.

படங்களோடு மார்லி என்கிற பெண்ணும் வந்தார். அந்த ஓவிய மையத்தில் வேலை. முப்பது வயதைக் கொஞ்சம் தாண்டியிருப்பார். பூர்வகுடிப் பெண் வருகிறார் என்றதும் எங்கள் துறையில் சிலர் இறகும் சிப்பி மாலையுமாக யாரையோ எதிர்பார்த்து, கையில் போனோடு வாசலில் நின்றிருந்தார்கள். காரிலிருந்து இறங்கியவர் கால்பந்து அணியின் தொப்பி போட்டிருந்தார். இறங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "வைஃபை பாஸ்வேர்ட் என்ன?" அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம். என் மனதில் தங்கியபடி தமிழில் சொல்கிறேன்.

வந்த படங்களிலேயே பெரியது மார்லியின் அம்மாவுடைய அக்கா வரைந்தது. கருஞ்சிவப்புத் தரையில் வெள்ளையும் மஞ்சளுமாகப் புள்ளிகள், நடுவில் வட்டத்துக்குள் வட்டம், அதிலிருந்து ஒரு பக்கமாக ஓடும் கோடுகள். பாலைவனத்தில் அவர்கள் குடும்பத்துக்கு உரிய ஒரு நீர்ச்சுனை அது என்றார் மார்லி.

"அம்மாவின் அக்காவை நாங்களும் அம்மா என்றுதான் சொல்வோம்" என்றார்.

"எங்கள் ஊரிலும் அப்படித்தான். பெரியம்மா."

அந்தச் சொல் அவருக்குப் பிடித்துப்போனது. "பெரி-யம்மா, பெரி-யம்மா" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே படத்தின் உறையைப் பிரித்தார். அந்த ஓவியரை நானும் பெரியம்மா என்றே சொல்லப் போகிறேன். பெயரைச் சொல்லாததற்குக் காரணம் போகப்போகத் தெரியும்.

இப்போது பதிவாளர். கெட்டவர் இல்லை. பட்டு நெசவுக் குடும்பத்தில் பிறந்து, படித்து, படிப்படியாக மேலே வந்தவர். நேரத்துக்கு வருவார், கோப்பைத் தேக்கிவைக்க மாட்டார். அவருக்கு ஒரே ஒரு பலவீனம், ஃப்ளெக்ஸ். பல்கலைக்கழகத்தில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவினால்கூட அதற்கொரு ஃப்ளெக்ஸ் கட்டினால்தான் கழுவியதாக நம்புவார். கண்காட்சி என்றதும் கேட்க வேண்டுமா? நடுவில் பெரியம்மாவின் முகம், ஆள் உயரத்துக்கு. அதன் கீழே அவர் பெயர். மேலே, "பாலைவனத்தின் ஓவியத் தாயே, வருக வருக!" ஓரங்களில் துணைவேந்தரும் பதிவாளரும் கைகூப்பியபடி. இந்தப் போர்டு பல்கலைக்கழக வாசலில், வெள்ளை கேட் கூட்டுரோட்டில், பேருந்து நிலையத்தில், இன்னும் ஊருக்குள் கண்ட கண்ட இடத்திலெல்லாம் எழுந்து நின்றது.

"அவங்க வரலையே சார், படம்தான் வந்திருக்குது" என்றேன்.

"படம் வந்தா அவங்க வந்த மாதிரிதாம்மா" என்றார்.

படங்களை மாட்டுகிற நாளில் பதிவாளர் கூடத்துக்கு வந்தார். பெரியம்மாவின் படத்துக்கு முன்னால் நின்று கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்தார்.

"என்னம்மா ரெஜினா, தலைகீழா மாட்டிக்கினு இருக்கிற? ஏரின்னா மேல இருக்கணும், வாய்க்கா கீழ வரணும். நம்ம தாமல் ஏரியைப் பாரு."

"சரி சார்."

அவர் போன சற்று நேரத்தில் நுண்கலைத் துறைத் தலைவர் வந்தார். படத்தின் இடது பக்கம் மேலே வந்தால்தான் சமநிலை கிடைக்கும் என்றார். அவருக்கும் "சரி சார்" என்றேன். படத்தைத் தொடவே இல்லை. மாலையில் இருவரும் தனித்தனியே வந்து பார்த்தார்கள். "இப்பதான் கரெக்டா இருக்குது" என்றார் பதிவாளர். "இப்பதான் படம் மூச்சு விடுது" என்றார் துறைத் தலைவர்.

மரப்பெட்டி மேல் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்த மார்லி, இருவரும் என்ன சொன்னார்கள் என்று கேட்டார். சொன்னேன். அவருக்குக் கடலை புரையேறிவிட்டது.

"பெரியம்மா துணியைத் தரையில் விரித்து, சுற்றிச் சுற்றி உட்கார்ந்துதான் வரைவார். சில படங்களுக்கு மேல், கீழ் உண்டு. இதற்கு இல்லை. நாலு பக்கமும் மேல்தான். அவருடைய நாய் ஒரு மூலையில் படுத்திருந்ததால் அந்த மூலையைக் கடைசியாக முடித்தார். இந்த ஆபீஸ்காரர்கள் இரண்டு பேர் சொன்னதும் சரி."

இதிலிருந்து, மேலதிகாரியை ஏமாற்றலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எடுத்துக்கொள்வீர்கள், எனக்குத் தெரியும். நான் சொல்ல வருவது வேறு. எதற்குச் "சரி சார்" சொல்லலாம், எதற்குச் சொல்லக் கூடாது என்று பிரித்துப் பார்ப்பதில்தான் நம் வேலையின் பாதி அடங்கியிருக்கிறது. மறு பாதி எனக்குத் திறப்பு விழா அன்று காலையில் வந்து சேர்ந்தது.

காபியை ஆற்றிக்கொண்டிருந்தபோது மார்லியிடமிருந்து போன். "ரெஜினா, பெரியம்மா போய்விட்டார்" என்றார். ஆங்கிலத்துக்கு நடுவே அந்த ஒரு சொல்லை மட்டும் தமிழில் சொன்னார். முந்தின நாள் வரை பெரியம்மாவின் பெயரை எத்தனையோ தடவை சொன்னவர். காபியை அப்படியே வைத்துவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

விருந்தினர் விடுதியின் படிக்கட்டில் பையைக் கட்டிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். தொப்பி மடியில் இருந்தது. அருகே போய் உட்கார்ந்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவராகவே பேசினார். இரவு விமானத்தில் ஊருக்குக் கிளம்புகிறார். டிக்கெட் கிடைத்துவிட்டது. வீட்டில் எல்லாரும் கூடிப் பேசியிருக்கிறார்கள். மற்றவர்களின் படங்கள் இருக்கட்டும், கண்காட்சியை நிறுத்த வேண்டாம். ஆனால் பெரியம்மாவின் படத்தை இப்போதைக்கு இறக்கிவிட வேண்டும். அவர் பெயரை யாரும் உச்சரிக்கக் கூடாது. அவர் முகம் எங்கேயும் தெரியக் கூடாது. குடும்பம் மறுபடி சொல்லும் வரை இப்படித்தான்.

"எல்லா இடத்திலும் ஒரே வழக்கம் இல்லை, ரெஜினா. எங்கள் குடும்பத்தில் இப்படி. பெயரைச் சொன்னால், முகத்தைக் காட்டினால், போகிறவரைத் தடுத்து நிறுத்துகிற மாதிரி. இருக்கிறவர்களுக்கும் தாங்காது."

"செய்கிறோம்" என்றேன்.

சொல்லிவிட்டு நிமிர்ந்தேன். எதிரே, வேப்பமரத்துக்கு அப்பால், வாசல் போர்டின் முதுகு தெரிந்தது. அதன் மறுபக்கத்தில் பெரியம்மா சிரித்துக்கொண்டிருந்தார். விமான நிலையத்துக்குப் போகிற காரில் மார்லி அதைக் கடந்துதான் போக வேண்டும். அதைத் தாண்டினால் வெள்ளை கேட்டில் இன்னொன்று, இதைவிடப் பெரியது, சாலையைப் பார்த்தபடி.

பதிவாளருக்குப் போன் செய்தேன். பெரியம்மா இறந்துவிட்டார் என்று ஆரம்பித்தேன். அடுத்த வாக்கியத்துக்கு அவர் இடமே கொடுக்கவில்லை.

"அய்யய்யோ! எப்போம்மா? சரி சரி, நீ கவலைப்படாத. இப்பவே யூசுப் பாய்க்குப் போன் பண்றேன். கண்ணீர் அஞ்சலி போர்டு அடிச்சிடலாம். அதே போட்டோ, ரெண்டு பங்கு பெருசா, மாலை போட்டு, பக்கத்துல மெழுகுவத்தி வெச்சு. அந்தப் பொண்ணு பாத்தா அப்படியே நெகிழ்ந்து போயிடும்."

"சார், அது கூடவே கூடாது..."

"துணைவேந்தரைக் கூட்டிக்கினு கோயிலுக்கு வந்திருக்கேம்மா. உள்ள போறோம், போனை வெச்சிடறேன்." வைத்துவிட்டார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். நம் ஊரில் ஒருவர் இறந்தால், சுடுகாட்டுக்குப் போவதற்குள் அவர் முகம் தெருமுனையில் நின்றாக வேண்டும். முகத்தைக் காட்டுவது நமக்கு மரியாதை. மறைப்பது அவர்களுக்கு மரியாதை. இரண்டுக்கும் நடுவில் நான் ஒரு ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தேன்.

கிளம்புவதற்கு முன் கூடத்தில் இருந்தவர்களிடம் படத்தை இறக்கி உறையில் போட்டுப் பூட்டச் சொல்லியிருந்தேன். பெயர்ப்பலகையையும் எடுக்கச் சொன்னேன். எங்கள் கூரைக்குக் கீழே இருந்த பிரச்சினை அதோடு முடிந்தது. மீதி எல்லாம் வெயிலில் நின்றுகொண்டிருந்தது.

யூசுப் பாயின் ஃப்ளெக்ஸ் கடை பேருந்து நிலையத்துக்குப் பின்னால். ஊரில் நிற்கிற முகங்களில் முக்கால்வாசி அவர் இயந்திரத்திலிருந்து பிறந்தவை. நான் போனபோது கடை வாசலில் நாற்காலி போட்டு விசிறிக்கொண்டிருந்தார்.

"வாங்க மேடம். ரிஜிஸ்தர் சார் போன் பண்ணாரு, கண்ணீர் அஞ்சலின்னு. எங்க அடிக்கிறது? இன்னிக்கு ஷட்டவுன். சாயங்காலம்தான் கரண்டு வருமாம்."

மின்வாரியத்தை நான் மனதார வாழ்த்தியது என் ஆயுளில் அந்த ஒரு முறைதான். பாயிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் விசிறியை மடியில் வைத்துவிட்டுக் கேட்டார்.

"பாவம் அந்தப் பொண்ணு. எத்தினி மணிக்கு கெளம்புது?"

"மத்தியானம். அதுக்குள்ள எல்லா போர்டையும் இறக்கணும் பாய்."

"ஊரு பூரா இறக்கணும்னா ராத்திரி ஆயிடும் மேடம். ரெண்டு பசங்கதான் இருக்கானுங்க. சாரம் கட்டி ஏத்துனது. வெள்ளை கேட் போர்டு ஒண்ணை அவுக்கறதுக்கே அரை நாள்."

ஊர் முழுவதையும் ஒரே நாளில் சுத்தம் செய்ய நினைத்தால் ஒரு போர்டுகூட முழுதாக இறங்காமல் எல்லாம் அரைகுறையாக நிற்கும் என்பது அப்போதுதான் புரிந்தது. அன்று மார்லியின் கண்ணில் படப்போவது வாசலும் வெள்ளை கேட்டும்தான். அவை இரண்டும் முதலில். மற்றவை அதன் பிறகு. இறக்க நேரம் இல்லையென்றால் மூடலாம்.

"வெள்ளைத் துணி ஏதாவது போட்டு மூஞ்சியும் பேரும் தெரியாம மூடிடலாமா?"

பாய் தலையை ஆட்டினார். "வெள்ளையா விட்டீங்கன்னா வம்பு மேடம். நடுவுல காலியா ஒரு சதுரம் இருந்தா, கீழ யாரு மூஞ்சி இருக்குதுன்னு எவனாவது கிழிச்சுப் பாப்பான். இல்லாட்டி சந்து கெடைச்சுதுன்னு பொறந்தநாள் போஸ்டர் ஒட்டிட்டுப் போயிடுவான். மூஞ்சி மேல மூஞ்சிதான் ஒட்டணும். அப்பதான் ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டான்."

"யார் மூஞ்சியைப் பாய் ஒட்டுறது? கரண்டுதான் இல்லையே."

பாய் எழுந்து உள்ளே போனார். இருட்டில் எதையோ உருட்டுகிற சத்தம் கேட்டது. தோளில் ஒரு பெரிய சுருளைச் சுமந்துகொண்டு வந்து தரையில் விரித்தார். பதிவாளர். ஆள் உயரத்துக்கு, சந்தன நிறச் சட்டையில், இரு கைகளையும் கூப்பியபடி, கீழே "வாழ்த்தி வணங்குகிறோம்" என்ற வரியோடு. ஊழியர்கள் அவருக்குப் பாராட்டு விழா எடுப்பதாக இருந்து, மழையால் அது நின்றுபோயிருந்தது; அதற்கு அடித்தது. சுருள் சுருளாக உள்ளே கிடந்தது.

"அளவு கரெக்டா இருக்குது மேடம்" என்றார் பாய். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

நான் பதிவாளருக்குப் போன் செய்து பார்த்தேன். அணைக்கப்பட்டிருந்தது. மறுபடியும் செய்தேன். கோயிலில் இருக்கிறவர் போனை எடுக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். நான் முயன்றேன் என்று பின்னால் சொல்வதற்காகவே இரண்டாவது தடவை செய்தேன். இதையும் கற்றுக்கொள்ளுங்கள்.

"மேல இருக்கிற 'ஓவியத் தாயே' வரி?" என்று கேட்டேன்.

"அது வரைக்கும் சுருள் எட்டாது. பேர் வரைக்கும்தான் மறைக்கும்."

யோசித்தேன் என்று சொன்னால் பொய். எனக்குள்ளே இருந்த பள்ளிக்கூடத்துக் குரங்கு ஒன்று அதற்குள் துள்ளிக் குதித்துவிட்டிருந்தது. "ஒட்டுங்க பாய்" என்றேன்.

திறப்பு விழா தொடங்கும் முன் வாசல் போர்டு தயாராகிவிட்டது. பாயின் ஆட்கள் அப்படியே வெள்ளை கேட்டுக்கு விரைந்தார்கள். நான் மரத்தடியில் நின்று பார்த்தேன். பெரியம்மாவின் முகத்தில் ஒரு விரல்கடைகூடத் தெரியவில்லை. "பாலைவனத்தின் ஓவியத் தாயே, வருக வருக!" என்ற வரிக்குக் கீழே பதிவாளர் மீசையோடு கைகூப்பி நின்றார். ஓரத்தில் இருந்த சின்னப் பதிவாளர், நடுவில் இருந்த பெரிய பதிவாளரை வணங்கிக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் துணைவேந்தரின் கார் வந்தது. வாசலைத் தாண்டி நின்றது. கொஞ்சம் பின்னுக்கு வந்தது. பதிவாளர் இறங்கினார். நெற்றியில் விபூதி, கையில் பிரசாதப் பை. நிமிர்ந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். காரை முன்னால் போகச் சொல்லிக் கையசைத்தார்.

"ரெஜினா."

"சார்."

"என்னைத் தாயாக்கிட்டியேம்மா!"

"அவசரம் சார். போன் பண்ணேன், ஸ்விட்ச் ஆஃப்ல இருந்துது. ரெண்டு தடவை பண்ணேன்."

"அதுக்கு? வெள்ளைக் காயிதம் கெடைக்கலையா இந்த ஊருல? எங்க வீட்டுக்காரி வேற விழாவுக்கு வராங்க. பசங்க எல்லாம் செல்போனை எடுத்துக்கினு நிக்கிறானுங்க, பாரு!"

நின்றுகொண்டுதான் இருந்தார்கள். அவர் குரல் ஏறிக்கொண்டே போனது. விளக்கம் கேட்டு மெமோ வரும் என்றார். ஃப்ளெக்ஸின் கண்ணியம் பற்றி ஏதோ சொன்னார். அவர் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் நான் மார்லி சொன்னதை அப்படியே சொன்னேன். முகம் தெரியக் கூடாது. பெயரைச் சொல்லக் கூடாது. மத்தியானம் அந்தப் பெண் இதே வழியாகத்தான் போகிறார். கண்ணீர் அஞ்சலி போர்டு வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் சொன்னேன்.

அவர் பிரசாதப் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"பேரைக்கூடச் சொல்லக் கூடாதா?"

"கூடாது சார்."

"வரவேற்புரையே நான்தாம்மா."

"தெரியும் சார். அதான் எனக்குப் பயமா இருக்குது."

அவர் போர்டை இன்னொரு முறை பார்த்துவிட்டு உள்ளே நடந்தார். பதிவாளரின் மேடைப் பேச்சு எப்படியென்றால், பெயர்கள்தான் பேச்சு. ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் நாலு அடைமொழி, பின்னால் மூன்று பட்டம். பெயரை எடுத்துவிட்டால் மைக் டெஸ்டிங் மட்டும்தான் மிஞ்சும். துணைவேந்தரோ எழுதியதை வரி பிசகாமல் வாசிப்பவர். அவர் சட்டைப்பையில் இருந்த தாளில் பெரியம்மாவின் பெயர் எத்தனை இடத்தில் இருந்ததோ.

மார்லி வரமாட்டார் என்று நினைத்திருந்தேன். வந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்து என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். "காதில் மொழிபெயர்த்துச் சொல்லு" என்றார். பெயர் வந்துவிட்டால் என்ன செய்வது என்று நான் ஒரு திட்டம் வைத்திருந்தேன். இருமுவது. உரக்க இருமுவது. காட்சிக்கூடக் காப்பாளரின் அவசர கால ஏற்பாடு அன்றைக்கு அவ்வளவுதான்.

பதிவாளர் மைக்கைப் பிடித்தார். தொண்டையைச் செருமினார். அடைமொழி வரவில்லை.

"எங்க அப்பா பேரு நீலகண்டன்" என்றார். கூட்டம் விழித்தது. நானும்தான்.

"எங்க அம்மா வாயால அந்தப் பேரை நான் கேட்டதே இல்ல. அந்தக் காலத்துப் பொம்பளைங்க புருஷன் பேரைச் சொல்ல மாட்டாங்க, உங்களுக்குத் தெரியும். எங்க அம்மா அதுக்கும் மேல. நீலம்னே சொல்ல மாட்டாங்க. எங்க வீட்டுல தறி. காலையில எழுந்தா கலரைப் பத்திதான் பேச்சு. அம்மா 'வானத்துக் கலரு, வானத்துக் கலரு'ம்பாங்க. ஒரு மழைக்காலத்துல சாயக்காரர் கிட்ட 'வானத்துக் கலர்ல நனைச்சுக் குடுப்பா'ன்னு சொல்லிட்டு வந்துட்டாங்க. அந்த ஆளு வெளிய வந்து வானத்தை அண்ணாந்து பாத்துட்டு, சாம்பல் கலர்ல நனைச்சுக் குடுத்துட்டாரு. கல்யாணப் புடவைக்கு!"

கூடம் சிரித்தது. முன்வரிசையில் அவர் மனைவிதான் முதலில் சிரித்தார். நான் மார்லியின் காதில் சொல்லி முடித்ததும் அவர் புருவத்தை உயர்த்திப் பதிவாளரைப் பார்த்தார்.

"மளிகைக் கடையில சொட்டு நீலம் வாங்கணும்னா, 'வெள்ளைத் துணிக்குப் போடுவாங்களே, அது'ன்னு கேப்பாங்க. அப்பா செத்துப்போன பெறகும் அப்படித்தான். எதுக்கும்மா இப்பிடின்னு ஒருநாள் கேட்டேன். 'அந்தப் பேரு எங்கிட்ட இருக்குது, உனக்கு எதுக்கு?'ன்னாங்க. இன்னிக்கு நம்ம வீட்டுக்கு வந்திருக்கிற ஒரு பொண்ணு வீட்டுல துக்கம். அவங்க ஒரு பேரைத் தங்களோட வெச்சுக்கினு இருக்காங்க. நாம அதைச் சொல்ல வேணாம். பெரியம்மான்னு சொல்லுவோம். அது நம்ம எல்லாருக்கும் இருக்கிற சொந்தம். அவ்வளவுதான். வணக்கம்."

உட்கார்ந்துவிட்டார். அவர் பேசியதிலேயே மிகச் சின்னப் பேச்சு. அடுத்து எழுந்த துணைவேந்தர் சட்டைப்பையில் கையை விட்டார். நான் இருமுவதற்கு மூச்சை இழுத்துப் பிடித்தேன். அவர் தாளை எடுத்தார், பார்த்தார், மடித்துத் திரும்ப வைத்தார். "பெரியம்மாவுக்கு வணக்கம். கண்காட்சி திறந்தாச்சு" என்றார். இழுத்த மூச்சை நான் மெதுவாக விட்டேன்.

ஒன்றைச் சொல்ல மறந்தேன். பெரியம்மாவின் படம் இருந்த சுவரை அப்படியே காலியாக விட்டிருந்தேன். ஐம்பொன் நடராஜரை வைக்கலாம், ஒரு பட்டுப்புடவையைக் கண்ணாடி போட்டு மாட்டலாம் என்றெல்லாம் யோசனைகள் வந்தன. மறுத்துவிட்டேன். சாலையில் வெற்றிடத்தைக் காவல் காக்க ஆள் கிடையாது. கூடத்தில் நான் இருந்தேன். விழா முடிந்த கையோடு பேராசிரியர் ஒருவர் மாணவர்களை அந்தக் காலிச் சுவருக்கு எதிரே நிறுத்தி, நவீன ஓவியத்தில் வெறுமையின் இடம் பற்றி வெகுநேரம் விளக்கிக்கொண்டிருந்தார். ஆணிகூட இருந்தது, அதையும் விளக்கினார். நான் குறுக்கிடவில்லை. அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

காரில் மார்லியோடு நானும் விமான நிலையம் வரை போனேன். வாசலைத் தாண்டும்போது அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளை கேட்டில் லாரிகள் நெரித்து நின்றதால் கார் போர்டுக்கு நேர் எதிரே நின்றுவிட்டது. பாயின் ஆட்கள் ஏணியை எடுத்துக்கொண்டு அப்போதுதான் இறங்கியிருந்தார்கள். மார்லி நிமிர்ந்தார். நான் அவரையே பார்த்தேன்.

"அது காலையில் பேசிய ஆபீஸ்காரர்தானே?"

"ஆமாம்."

"மேலே என்ன எழுதியிருக்கிறது?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன். "பாலைவனத்தின் ஓவியத் தாயே, வருக வருக."

அவர் தொப்பியை முகத்தில் அழுத்திக்கொண்டு குலுங்க ஆரம்பித்தார். அழுகிறார் என்று நினைத்து முதுகைத் தடவினேன். தொப்பியை எடுத்தபோது பார்த்தால் சிரிப்பு. கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, சிரிப்பு நிற்கவில்லை. ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து மிரண்டுபோனார்.

"பெரியம்மா அதற்குக் கீழே இருக்கிறாரா?" என்று கேட்டார் மார்லி.

"ஆமாம். பெயரும் முகமும் தெரியாமல் மூடியிருக்கிறோம்."

"பெரியம்மா எப்போதும் ஒன்று சொல்வார். நகரத்துக்குப் போய் எந்தக் கண்காட்சியில் நின்றாலும், போட்டோ எடுக்கும் நேரத்தில் யாராவது ஒரு ஆபீஸ்காரர் வந்து அவருக்கு முன்னால் நின்றுவிடுவாராம். இப்போதும் வந்து நின்றுவிட்டார், பார்." அதற்குப் பிறகுதான் நிஜமாகவே அழுதார். லாரிகள் நகர்ந்தன. ஸ்ரீபெரும்புதூர் வரை என் தோளில் சாய்ந்திருந்தார்.

மற்ற போர்டுகளுக்கும் அன்று மாலைக்குள் பாய் முகம் மாற்றிவிட்டார். அடுத்தடுத்த நாட்களில் ஒவ்வொன்றாக அவிழ்த்து, முகம் உள்ளே போகும்படி சுருட்டினோம். மெமோ வரவில்லை. பதிவாளர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனார். கடைசியாகப் பேருந்து நிலையப் போர்டு மட்டும் மிச்சம் இருந்தபோது என் அறைக்கு வந்தார். கதவைச் சாத்தினார்.

"ரெஜினா, அந்த பஸ் ஸ்டாண்டு போர்டு ஒண்ணை ஞாயித்துக்கிழமை வரைக்கும் விட்டு வைம்மா."

"ஏன் சார்?"

"ஆரணியில இருந்து சம்பந்தி வீட்டுக்காரங்க வராங்க. பஸ்ஸுலதான் வராங்க." கொஞ்சம் தயங்கினார். "மேல இருக்கிற அந்த ஒரு வரியை மட்டும் மறைச்சுடு."

"சரி சார்" என்றேன்.

போர்டை விட்டுவைத்தேன். வரியைத் தொடவே இல்லை.